கடல் ஒதுக்கிய அம்பர்: ஒரு நபிமொழியும் அதன் வாசிப்புகளும்

ஒரு நபிமொழியின் முற்பகுதியை விட்டுவிட்டுப் பிற்பகுதியை மட்டும் சான்று காட்டினால் எத்தகைய முடிவுகளுக்கு வந்து சேர்வோம் என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தென்கடற்கரை ஊர்களில் அம்பர் குறித்து அண்மை ஆண்டுகளில் வழங்கிவரும் ஒரு வாதமே அதற்குப் போதுமானது.

2021 முதல் தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் அம்பர் வைத்திருந்தோர் கைது செய்யப்பட்ட செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். இம்மாவட்டங்களின் வழக்குகள் மேல்முறையீட்டுக்கும் பிணைக்கும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே வருகின்றன. ஆகவே கடலில்லாத மதுரையிலும் இப்பேச்சு எழுகின்றது. கடற்கரை ஊர்களிலிருந்து மதுரைப் பகுதி அரபிக் கல்லூரிகளுக்கு ஓதவரும் மாணவர்களும் இதே வினாவைக் கொண்டு வருகின்றனர்.

வாதம் இதுதான்: கடல்வேட்டையை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியுள்ளான் (5:96). நபித்தோழர்கள் 'அம்பர்' எனும் மாபெரும் மீனை உண்டார்கள். கடல் கரையில் ஒதுக்கிய பொருள் கண்டெடுத்தவனுக்கே உரியது. எனவே அதனைத் தடுக்கும் சட்டம், மார்க்கம் தந்த உரிமையைப் பறிக்கிறது. இதனையே சற்று நீட்டி, திமிங்கில வேட்டையை உலகளவில் நிறுத்தியது மேலைநாட்டாரின் மென்னுணர்ச்சி என்றும், அதில் முஸ்லிம்களுக்கு ஆவதொன்றுமில்லை என்றும் சிலர் கூறுகின்றனர்.

இதற்கு எதிர்முனையில் 'இஸ்லாமும் சுற்றுச்சூழலும்' என்ற வகையில் வெளிவரும் சிறு நூல்கள் உள்ளன. தரையிலும் கடலிலும் மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவற்றால் சீர்கேடு தோன்றியது என்று உணர்த்தும் வசனத்தை (30:41) முகப்பில் அச்சிட்டு, இரண்டொரு நபிமொழிகளைச் சேர்த்து, இஸ்லாம் இயற்கையைக் காக்கும் மார்க்கம் என்று முடித்துவிடுகின்றன. 5:96ஆம் வசனத்தை என்ன செய்வது, அம்பர் நபிமொழிக்கு என்ன பொருள் என்ற வினாக்களை அவை தொடுவதேயில்லை. முதல் தரப்பார் மூலத்தைப் பாதி வாசிக்கின்றனர். இரண்டாம் தரப்பார் கடினமான மூலத்தை வாசிக்காமலே கடந்து செல்கின்றனர். இரண்டையும் நாம் குறையுடையனவாகவே கருதுகிறோம்.

அம்பர்: சொல்லும் பொருளும்

அரபியில் 'அன்பர்' என்னும் சொல் நறுமணப் பொருளையும் குறிக்கும். அதனோடு தொடர்புடைய கடல்விலங்கையும் குறிக்கும். ஐரோப்பிய மொழிகள் இச்சொல்லை அரபியிடமிருந்தே பெற்றன. தமிழில் அம்பர் என்றும் மீனம்பர் என்றும் வழங்குகிறோம். யூனானி மருத்துவத்தின் 'கமீரா காவ்ஜபான் அம்பரி' என்ற லேகியத்தின் பெயரிலும் அது நிலைத்துள்ளது.

இப்பொருள் எங்கிருந்து தோன்றுகிறது என்பதில் முன்னோரிடையே பல கருத்துகள் இருந்தன. கடலில் முளைக்கும் ஒரு தாவரம் என்று தமக்குச் சொல்லப்பட்டதை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் 'அல்உம்மு' நூலில் பதிவு செய்கிறார்கள். கடலடி ஊற்றின் கசிவு என்று இப்னு ஸீனா கருதினார். இன்று நாம் அறிவது வேறு. ஸ்பெர்ம் வேல் எனப்படும் எண்ணெய்த் திமிங்கிலம் கணவாய் வகைகளை உண்டு வாழ்வது. செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி அதன் குடலில் திரண்டு இறுகுவதே அம்பர். அதுவும் நூறு திமிங்கிலங்களில் ஏறத்தாழ ஒன்றில்தான் உண்டாகிறது. நாளிதழ்கள் இதனைத் 'திமிங்கல வாந்தி' என்றும் 'திமிங்கல உமிழ்நீர்' என்றும் எழுதிவருவது பொருந்தாது. வாயோடு இதற்குத் தொடர்பில்லை.

அம்பர் தூய்மையானது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. அது புதையலன்று, கடல் ஒதுக்கிய பொருள்தான் என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கூற்றை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஜகாத் பாடத்தில் எடுத்தாளுகிறார்கள். அதன்மீது ஐந்திலொன்று வரி உண்டு என்று இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களும், இல்லை என்று இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களும் கருதினார்கள். இவையனைத்தையும் நாம் ஏற்றுக்கொண்டே பேசுகிறோம். அம்பர் ஆகுமான பொருளா என்பதில் இங்கே சர்ச்சையில்லை. ஆகுமான ஒன்றுக்குப் பொதுநலன் கருதி எல்லை வகுக்கலாமா என்பதுதான் வினா. அவ்வினாவுக்கான விடை, வாதிடுவோர் எடுத்துக்காட்டும் அதே நபிமொழியின் முற்பகுதியில் இருக்கிறது.

முழுமையாக வாசிக்கும்போது

ஸீஃபுல் பஹ்ர் என்றும் ஜைஷுல் கபத் என்றும் அறியப்படும் அப்படையெடுப்பை ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வஹ்பு இப்னு கைஸான், அம்ரு இப்னு தீனார், அபுஸ்ஸுபைர் ஆகிய மூவர் வழியாக அது வந்துள்ளது. முதலிரு வழிகளை இமாம் புகாரீ (ரஹ்) அவர்களும் இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களும் பதிவு செய்துள்ளார்கள். மூன்றாவதன் விரிவான வடிவம் முஸ்லிமில் உள்ளது. மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால் நிகழ்ச்சியின் வரிசை தெளிவாகிறது.

அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் 300 பேர் கடற்கரை நோக்கி அனுப்பப்படுகிறார்கள். வழியில் உணவு குறைகிறது. உடனே தலைவர் செய்வது என்ன? ஒவ்வொருவரிடமும் எஞ்சியிருந்ததை ஒன்றுசேர்க்கச் செய்து, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பங்கிடுகிறார்கள். இறுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகிறது. பின்னர் உதிர்ந்த இலைகளையும் உண்கிறார்கள். இதற்கிடையில் படையிலிருந்த ஒருவர் மூன்று ஒட்டகங்களை அறுக்கிறார், மீண்டும் மூன்று, மீண்டும் மூன்று. அதன்பின் அபூ உபைதா (ரலி) அவர்கள் அவரைத் தடுத்துவிடுகிறார்கள். அவர் கைஸ் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் என்பதை விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

இதன் பிறகே கடல் அந்த மாபெரும் விலங்கைக் கரையில் ஒதுக்குகிறது. அபுஸ்ஸுபைரின் அறிவிப்பின்படி, அபூ உபைதா (ரலி) அவர்கள் முதலில் அது செத்த பிராணி என்று தயங்குகிறார்கள். பின்னரே, தாம் இறைத்தூதரின் தூதர்கள் என்பதையும் நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர்கள் என்பதையும் எண்ணி உண்ண அனுமதிக்கிறார்கள். படையினர் உண்ட காலம் அரை மாதம், 18 இரவுகள், ஒரு மாதம் என அறிவிப்புக்கு அறிவிப்பு வேறுபடுகிறது. அதன் விலா எலும்பை நிறுத்தியபோது ஒட்டகத்தின்மீது அமர்ந்தவர் அதனடியில் கடந்து சென்றார். மதீனா திரும்பியதும், அது அல்லாஹ் வெளிப்படுத்திய வாழ்வாதாரம் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தி, மீதமிருந்ததைக் கேட்டுப் பெற்று உண்டார்கள். நிர்ப்பந்தம் இல்லாத நிலையிலும் அது ஆகுமானது என்பதற்கு அறிஞர்கள் இதனையே ஆதாரமாகக் கொள்கின்றனர்.

இங்கே மூன்று செய்திகள் எண்ணத்தக்கன. ஒன்று, அவ்விலங்கை அவர்கள் வேட்டையாடவில்லை; கடல் ஒதுக்கியதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, அது விற்பனைக்கோ சேமிப்புக்கோ ஆகவில்லை, பசித்தோரின் உணவாயிற்று. மூன்று, அதே பயணத்தில், அதே பசியில், ஒட்டகம் அறுத்தல் எனும் முற்றிலும் ஆகுமான ஒரு செயலைத் தலைவர் தடுத்தார், படையினர் கட்டுப்பட்டார்கள்.

மூன்றாவதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். தடைக்கான காரணம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வாகன ஒட்டகங்கள் அழிந்துபோகும் என்ற அச்சமே காரணம் என்றனர் சிலர். நம் பொருளுக்கு அது மிக இசைவானதுதான். ஆனால் ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் 'ஃபத்ஹுல் பாரீ'யில் அதனை ஐயுறுகிறார்கள். கைஸ் (ரலி) அவர்கள் அவ்வொட்டகங்களைப் படைக்கு வெளியிலிருந்து கடனுக்கு வாங்கினார்கள். கைப்பொருளில்லாத அவர் மீது கொண்ட பரிவினாலேயே தடுக்கப்பட்டார்கள் என்ற விளக்கமே தெளிவானது என்கிறார்கள். நமக்கு இசைவான விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால், எதிர்த்தரப்பைக் குறை கூறும் தகுதி நமக்கு இராது. எக்காரணத்தை ஏற்பினும் விளைவு ஒன்றே. ஆகுமான ஒன்றை, அதன் ஆகுமான தன்மையை மறுக்காமலே, நலன் கருதித் தலைவர் நிறுத்தலாம். நபிமொழியின் பிற்பகுதியை உரிமைச் சான்றாகக் காட்டுவோர் முற்பகுதியின் இக்கட்டுப்பாட்டையும் சேர்த்தே ஏற்றாக வேண்டும்.

அரபிக்கடலின் பழைய வழக்கம்

இந்தியப் பெருங்கடலில் அரபியரும் பாரசீகரும் திமிங்கிலத்தை அறிந்திருந்த முறையும் இதனோடு ஒத்துச் செல்கிறது. ஹிஜ்ரி 237இல் (பொ.ஆ. 851) தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல்ஹிந்த்' நூலும், அதற்கு அபூ ஸைத் அஸ்ஸீராஃபீ எழுதிய பிற்சேர்க்கையும் நாம் படிக்கத் தக்கவை. ஷிஹ்ருக் கரையில் நிலவொளியில் அம்பரைத் தேடிக் கண்டறியப் பழக்கப்பட்ட ஒட்டகங்களைப் பற்றி அபூ ஸைத் எழுதுகிறார். திமிங்கிலக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயைக் கப்பல்களின் பலகை இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தியதையும், சீராஃபுப் பகுதியில் அதன் எலும்புகள் வீட்டுக்கு உதவியதையும் குறிப்பிடுகிறார். அல்மஸ்ஊதியிடமும் இத்தகைய செய்திகள் உண்டு.

இந்நூல்களில் மாலுமிகள் திமிங்கிலத்தைக் கண்டால் துரத்துவதில்லை. அஞ்சி, ஒலி எழுப்பி, விலகிச் செல்கின்றனர். பயன்கொள்வதெல்லாம் பெரும்பாலும் செத்து மிதந்ததிலிருந்தும் கரையொதுங்கியதிலிருந்துமே. இதனைப் பேரறம் என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். அவர்களிடம் வேட்டைக்குரிய கருவி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் கடல்வேட்டை குறித்த சட்ட நூல்கள் எழுதப்பட்ட உலகம் அதுவே. ஒரு கடலின் திமிங்கில இனத்தையே சில ஆண்டுகளில் துடைத்தெடுக்க மனிதனால் இயலும் என்பது அந்த ஃபகீஹ்களின் எண்ணத்தில் எழ வாய்ப்பே இருக்கவில்லை.

வேட்டை வாணிபமான கதை

அந்த இயலாமை 19ஆம் நூற்றாண்டில் முடிவுக்கு வந்தது. நார்வேயின் ஸ்வென் ஃபாயின் உருவாக்கிய, வெடிகுண்டு பொருத்திய எறியீட்டிப் பீரங்கியும் நீராவிப் படகும் விரைந்து நீந்தும் திமிங்கிலங்களையும் எட்டிப்பிடித்தன. 1920களில் திமிங்கிலத்தைக் கப்பலுக்குள்ளேயே இழுத்து அறுக்கும் மிதக்கும் ஆலைகள் வந்தன. விளக்கெண்ணெய், வழலைக்கட்டி, மார்கரின், இயந்திர மசகு எனப் பல பொருள்களுக்காக 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. தென்துருவ நீலத்திமிங்கிலங்கள் பழைய எண்ணிக்கையில் நூற்றில் ஒன்றுக்கும் கீழாகச் சரிந்தன.

நம் கடலும் தப்பவில்லை. 1966 நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் 238 கூன்முதுகுத் திமிங்கிலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றன. இவ்வுண்மை உலகுக்குத் தெரியவந்ததே 1990களில்தான். அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பிற இனத்தவை போல் துருவக்கடலுக்கு வலசை செல்லாமல் இங்கேயே வாழ்பவை. இன்று ஓமன் கரையில் அவை 100க்கும் குறைவு என மதிப்பிடப்படுகின்றன. ஷிஹ்ருக் கரைக்கு அணித்தான கடலில், அபூ ஸைதின் மாலுமிகள் அஞ்சி விலகிச் சென்ற அந்த நீரில், சில வாரங்களில் கொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கை இன்று அங்கே உயிரோடிருப்பவற்றைவிட மிகுதி. இதுதான் வாணிப வேட்டையின் கணக்கு.

ஆகவே வேட்டைத் தடையை 'மேலைநாட்டாரின் உணர்ச்சி' என்பது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். கடலை வெறுமையாக்கியதில் பெரும்பங்கு மேலைநாட்டு, சோவியத், ஜப்பானியக் கப்பல்களுடையது. இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலப் புகலிடமாக 1979இல் அறிவிக்கச் செய்தது ஸெஷல்ஸ் எனும் சிறு தீவு நாடு. சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982இல் வாணிப வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தபோது ஆதரித்த 25 நாடுகளுள் இந்தியா, ஓமன், எகிப்து ஆகியவையும் இருந்தன. எதிர்த்தவை 7. 1985-86 வேட்டைப் பருவம் முதல் நடைமுறைக்கு வந்த அத்தடையை நார்வே ஏற்கவில்லை. ஐஸ்லாந்து 2006இல் வாணிப வேட்டையைத் தொடங்கியது. ஜப்பான் 2019இல் ஆணையத்திலிருந்தே விலகித் தன் கடலெல்லைக்குள் வேட்டையைத் தொடர்கிறது. அதேவேளை அலாஸ்கா போன்ற பனிக்கரைகளில் உணவுக்காகவே வேட்டையாடும் பழங்குடியினருக்கு ஆணையம் அளவுடன் இடம் தந்துள்ளது. தேவைக்கும் வாணிபத்துக்கும் இடையே கோடு கிழிக்கும் இவ்வேறுபாடு, பசித்த 300 பேரின் வரலாற்றைப் படித்த நமக்கு அந்நியமானதாகத் தோன்ற நியாயமில்லை.

ஆகுமானதும் அதன் எல்லையும்

மூலக் கோட்பாடுகளை இனி நோக்குவோம். தீமைக்கு வழிவகுப்பதை அடைத்தல் எனும் 'ஸத்துத் தராயிஃ' கோட்பாட்டைச் சிலர் உடனே எடுத்துக்கொள்வர். அதனைத் தனி ஆதாரமாக விரிவாகக் கையாள்வோர் மாலிகிகளும் ஹன்பலிகளுமே. நம் கடற்கரையில் ஷாஃபிஈகளும் மதுரைச் சமவெளியில் ஹனஃபிகளும் மிகுதி. எனவே அவர்கள் ஏற்ற விதியிலிருந்தே தொடங்குவது முறை. குடிமக்கள் விஷயத்தில் தலைவரின் செயல் பொதுநலனைச் சார்ந்தே அமைய வேண்டும் என்ற விதியை இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் 'அல்அஷ்பாஹ் வந்நழாயிர்' நூலில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடமிருந்தே எடுத்தாளுகிறார்கள். ஹனஃபி நூல்களும் இதனை ஏற்கின்றன. பொதுநலன் உறுதியாகும் இடத்தில் ஆகுமானதற்கு எல்லை வகுக்கலாம் என்பது இதன் விளைவு. அதற்கு மேல், ஒரு நாட்டில் குடியுரிமையோடு வாழ்வோர் அதன் சட்டத்தை ஓர் உடன்படிக்கையாகவே மதிக்க வேண்டும். உடன்படிக்கைகளை நிறைவேற்றுவது இறைக்கட்டளை (5:1).

ஓர் இனத்தையே அழிப்பது குறித்து நபிமொழியில் நேரடியான அடிப்படை உண்டு. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமாக இராவிட்டால் அவற்றைக் கொல்லக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்துடைய நபிமொழியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளார்கள். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் 'மஆலிமுஸ் ஸுனன்' நூலில் இதனை விளக்குகிறார்கள். படைப்புகளுள் ஒரு சமுதாயத்தை எதுவும் எஞ்சாதவாறு முற்றாக அழிப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதே அவர்களின் விளக்கத்தின் சாரம். ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற இறைமொழியின் (6:38) நிழலில் நிற்கும் விளக்கம் இது. தொல்லை தரும் நாய்க்கே இந்நிலை என்றால், எவருக்கும் தீங்கு செய்யாத, ஓரிரு ஆண்டு இடைவெளியிலோ அதனினும் நீண்ட இடைவெளியிலோ ஒரு குட்டி மட்டுமே ஈனும் திமிங்கிலத்தின் நிலையை நாம் சொல்ல வேண்டுமா? 'பசுமை' நூல்கள் 30:41ஐ அச்சிடுவதோடு நில்லாமல் கத்தாபீயின் இவ்வரிகளைத் தேடி எடுத்திருந்தால், எதிர்வாதத்துக்கு விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

சட்டமும் கரையில் நிற்பவனும்

இனி அம்பருக்குத் திரும்புவோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எண்ணெய்த் திமிங்கிலம் இடம்பெற்றுள்ளது. 2022இல் திருத்தப்பட்ட நிலையில் இவ்வட்டவணை சார்ந்த குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுச் சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அழிநிலை உயிரின வாணிபம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையோ, தானாக வெளியேறிய கழிவென்று அம்பரைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துள்ளது. 'கழிவை எடுப்பதில் திமிங்கிலத்துக்கு என்ன கேடு?' என்று கேட்போரின் வாதத்தில் இதனால் ஒரு நியாயம் உள்ளதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கரையில் மிதந்து வந்த அம்பருக்கும் வயிற்றைக் கிழித்து எடுத்த அம்பருக்கும் சந்தையில் அடையாள வேறுபாடு கிடையாது. ஒன்றுக்கு விலை வைத்தால் மற்றதற்கும் விலை வைத்ததாகும். நறுமணத் தேவைக்கும் இன்று அது இன்றியமையாததன்று. கிளாரி சேஜ் எனும் செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியோலைக் கொண்டு அம்பரின் மணப்பொருளை ஆலைகள் உருவாக்குகின்றன. ஜும்ஆ நாளில் 'அம்பர்' என்ற பெயரில் மலிவாக விற்கும் அத்தருக்குத் திமிங்கிலத்தோடு தொடர்பிருக்க வாய்ப்பு அரிது.

அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. சட்டம் இருப்பதை வழக்கின் வழியாக மட்டுமே கடற்கரைக்கு அறிவிப்பது நீதியன்று. கண்டெடுத்ததைத் தானாக ஒப்படைக்க வரும் மீனவன் குற்றவாளி போல் நடத்தப்படாத எளிய முறையும், அதனைப் பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், ஊர்க்கமிட்டிகள் வாயிலாக எடுத்துச் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். கடலை நேசிப்பதில் மீனவனுக்குப் பாடம் தேவையில்லை. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது 45 மடிந்தன. எஞ்சியவற்றைப் படகுகளில் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றவர்கள் அக்கரையின் மீனவர்களே. 1973இலும் அதே கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின.

இன்று நம் கடல்களில் எறியீட்டி இல்லை. ஆனால் கப்பல் மோதலும் வலையும் உள்ளன. இலங்கையின் தென்முனையில் நீலத்திமிங்கிலங்கள் மேயும் நீர்ப்பரப்பின் ஊடாகவே பெருங்கப்பல் வழி செல்கிறது. எம்.எஸ்.சி. எனும் கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலகிச் செல்ல வைத்தது. மற்றக் கப்பல்களும் அவ்வாறு விலகுமா என்பதில் அவ்வினத்தின் எதிர்காலம் அடங்கியுள்ளது.

உலமாக்களின் கடன்

கல்வி தேடுவோரின் சிறப்பைக் கூறும் நபிமொழியை ஒவ்வொரு மத்ரஸா மாணவனும் முதலாண்டிலேயே மனனம் செய்கிறான். அறிஞருக்காக வானத்தில் உள்ளோரும் பூமியில் உள்ளோரும், நீரின் ஆழத்தில் உள்ள மீன்களும் பாவமன்னிப்புத் தேடுகின்றன என்பது அதன் கருத்து. அங்கே வரும் சொல் 'ஹீதான்'. யூனுஸ் (அலை) அவர்களை விழுங்கிய 'ஹூத்' என்னும் சொல்லின் பன்மை அது. கடலின் மீன்கள் ஏன் ஆலிமுக்காகத் துஆச் செய்ய வேண்டும்? இதற்கும் இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் விடை தருகிறார்கள். உயிரினங்களில் எது ஆகும், எது ஆகாது என்பதை விளக்குவோரும், அவற்றிடம் நன்முறையில் நடக்கவும் அவற்றுக்குத் தீங்கு செய்யாதிருக்கவும் அறிவுறுத்துவோரும் அறிஞர்களே என்பதனால்தான் என்று அவர்கள் எழுதுகிறார்கள்.

அப்படியாயின் அத்துஆ நிபந்தனையற்ற வெகுமதியன்று. அது ஒரு பணிக்கான கூலி. 'கடல்வேட்டை ஆகும்' என்ற பாதியை மட்டும் மேடையில் சொல்லி, அபூ உபைதா (ரலி) அவர்கள் வகுத்த எல்லையை மாணவர்களிடமும் மக்களிடமும் சொல்லாமல் விடும் ஆலிம் அப்பணியைச் செய்தவராக மாட்டார். ஸஹீஹுல் புகாரீயின் மகாஸீ பாடத்தில் இந்நபிமொழி ஆண்டுதோறும் நம் கல்லூரிகளில் ஓதப்படுகிறது. இனி அதனை ஓதும்போது விலா எலும்பின் உயரத்தோடு, தடுக்கப்பட்ட ஒட்டகங்களைப் பற்றியும் ஆசிரியர்கள் நின்று பேச வேண்டும்.